தண்ணீர் வருமுன் பார்க்க வேண்டிய மராமத்து: முக்கொம்பும் ஒரு விவசாயி வீடும்

2018 ஆகஸ்ட் 22, புதன்கிழமை இரவு. திருச்சிக்கு மேற்கே முக்கொம்பு மேலணையில், கொள்ளிடத்தின் குறுக்கே இருந்த ஷட்டர்களில் ஒரு பகுதி, மேலே போன பாலத்தோடு சேர்ந்து ஆற்றுக்குள் சரிந்தது. மொத்தம் 45 ஷட்டர்கள். அதில் 6ல் இருந்து 14 வரை, ஒன்பது ஷட்டர்கள் போய்விட்டன. அந்த மாதம் மேட்டூரிலிருந்து ஒரு கட்டத்தில் விநாடிக்கு 2 லட்சம் கனஅடிக்கும் மேல் தண்ணீர் வந்தது. ஆனால் ஷட்டர்கள் விழுந்தது உச்ச வெள்ளம் கடந்து தண்ணீர் குறைந்துகொண்டிருந்த நேரத்தில்.

பராமரிப்புக்குச் செலவு செய்வது கட்டுப்படியாகுமா என்று டெல்டாவில் யார் கேட்டாலும் நான் முக்கொம்பிலிருந்துதான் தொடங்குவேன். வயலுக்கு, மோட்டாருக்கு, சர்க்கரைக்காரரின் பாதத்துக்கு என்று எதற்குக் கேட்டாலும் சரி. எவ்வளவு செலவு செய்தோம் என்பதைப் போலவே எப்போது செய்தோம் என்பதும் முக்கியம் என்பதை இவ்வளவு பெரிய அளவில் காட்டிய இடம் நம் பக்கத்தில் வேறு இல்லை.

மேலணை ஏன் அங்கே இருக்கிறது

முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. வடக்கே கொள்ளிடம், தெற்கே காவிரி, நடுவில் ஸ்ரீரங்கம் தீவு. கொள்ளிடத்துக்குச் சரிவு அதிகம், வேகமாகக் கடலைப் பார்த்து ஓடும். காவிரியில் ஓட்டம் நிதானம், வண்டல் படியும், படுகை மேடாகும். படுகை மேடானால் தண்ணீர் பள்ளத்தைத் தேடிக் கொள்ளிடத்துக்கே போகும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடந்தது அதுதான். தஞ்சாவூர் வயல்களுக்கு வர வேண்டிய தண்ணீர் கொள்ளிடம் வழியாகக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. அதைத் திருப்பத்தான் ஆர்தர் காட்டன் 1830களில் கொள்ளிடத்தின் தலைப்பில் மேலணையைக் கட்டினார். கீழே அணைக்கரையில் கீழணையும் அதே காலத்தில் எழுந்தது.

அதோடு வேலை முடியவில்லை. மேலணை வந்ததும் காவிரிக்குள் தண்ணீர் அதிகமாகப் புகுந்து அதன் படுகையை அரிக்க ஆரம்பித்தது. 1840களில் காவிரியின் தலைப்பிலும் ஒரு தடுப்பு கட்ட வேண்டியதாயிற்று. ஆற்றில் ஒரு கல்லை வைத்தால் ஆறு அதற்கு ஒரு பதில் சொல்லும். அந்தப் பதிலை வருஷா வருஷம் போய்ப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அணை கட்டுகிறவனுக்கு இது முதல் நாளே தெரியும். ஆழம் காண முடியாத மணலில் அடித்தளம் போடும் வித்தையைக் கல்லணையைக் கட்டியவர்களிடமிருந்துதான் கற்றோம் என்று காட்டன் எழுதியிருக்கிறார். அந்தக் கல்லணையும் சும்மா விட்டதால் நிற்கவில்லை. 1804ல் கால்டுவெல் என்ற ராணுவப் பொறியாளர் ஆய்வு செய்து உயர்த்தச் சொன்னார், 1830ல் மணல் வெளியேறும் மதகுகள் வைத்தார்கள். கரிகாலன் கட்டியது இன்றும் நிற்கிறது என்று நாம் பெருமையாகச் சொல்கிறோம். பின்னால் வந்தவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கைவைத்துக் காப்பாற்றியதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஷட்டர் எப்படி விழுகிறது

மணல் படுகையில் நிற்கும் அணைக்கு ஆபத்து பெரும்பாலும் கீழிருந்து வரும். ஷட்டருக்குக் கீழே பாயும் தண்ணீர் வேகமாகத் தளத்தில் விழுந்து சுழலும். அந்த வேகத்தை வாங்கிக்கொள்ள அணைக்குப் பின்னால் கல்லோ கான்கிரீட்டோ போட்ட தளம் உண்டு, தளம் முடியும் இடத்தில் பெரிய கற்களைக் கொட்டியிருப்பார்கள். தளம் தாண்டியதும் வெறும் மணல். அங்கே பள்ளம் விழும். பள்ளம் ஆழமாக ஆகத் தளத்தின் விளிம்புக்கு அடியில் மணல் கரையும். அதே நேரத்தில் அணைக்கு மேல்புறம் நிற்கும் தண்ணீர் அடித்தளத்துக்குக் கீழே ஊறி வந்து, போகிற போக்கில் நுண்மணலையும் கொண்டுபோகும். மேலே பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். ஒரு நாள் தூண் நிற்க மண் இருக்காது.

கொள்ளிடத்தின் படுகை தாழ்ந்துகொண்டே போனால் இந்த ஆபத்து கூடும், ஏனென்றால் தண்ணீர் விழுகிற உயரம் கூடுகிறது. மணல் குவாரிகள்தான் காரணம் என்று விவசாயிகளும் இயற்கை ஆர்வலர்களும் அன்றைக்கே சொன்னார்கள். அன்றைய அரசு அதை ஏற்கவில்லை, அணையின் வயதையும் வெள்ளத்தின் அழுத்தத்தையும் காரணமாகச் சொன்னது. என்னைப் பொறுத்தவரை இவை ஒன்றையொன்று மறுக்கும் காரணங்கள் அல்ல. வயதான கட்டுமானத்தின் காலடியில் மணல் குறைந்து, அப்புறம் வெள்ளம் வந்தால், மூன்றும் சேர்ந்துதான் தள்ளும். அதே ஆகஸ்டில், ஸ்ரீரங்கத்தையும் நம்பர் 1 டோல்கேட்டையும் இணைத்த பழைய கொள்ளிடம் இரும்புப் பாலத்தின் தூண்களும் அமுங்கிப் பாலத்தின் ஒரு பகுதி விழுந்தது. 1928ல் கட்டிய பாலம், 2016லிருந்து போக்குவரத்து இல்லாமல் நின்றது. பாரமே ஏறாத பாலம் அது. அமுங்கியது என்றால், அடியில் பிடிமானம் போயிருக்கிறது.

இதையெல்லாம் முன்கூட்டியே பார்க்க முடியுமா? முடியும், ஆறு காய்ந்திருக்கும்போது. கோடையில் அணையின் பின்தளத்தில் நடந்து போகலாம். கடப்பாரையால் தட்டினால் அடியில் வெற்றிடம் இருக்கிற இடம் வேறு மாதிரி சத்தம் கொடுக்கும். தளத்தின் விளிம்பில் கல் சரிந்து இறங்கியிருக்கிறதா என்று கண்ணாலேயே தெரியும். கட்டுமானத்தின் இடுக்கில் முளைத்த அரசங்கன்றை அந்த வருஷமே பிடுங்கினால் ஓர் ஆள் கூலிகூட ஆகாது. நாலு வருஷம் விட்டால் வேர் கல்லைப் பிளந்து உள்ளே போயிருக்கும், மரத்தை வெட்டினாலும் வேர் மறுபடி துளிர்க்கும். ஷட்டரின் பல்சக்கரத்துக்கும் திருகுக்கும் கிரீஸ் போடுவது அணையைப் பார்த்துக்கொள்ளும் பணியாளர்களான லஸ்கர்களின் வழக்கமான வேலை. இதற்கெல்லாம் கோடிகள் தேவையில்லை. ஆளும் நாளும்தான் தேவை.

நாள் இருந்ததா? மேட்டூர் அணையை ஜூன் 12ல் திறந்து ஜனவரி 28ல் மூடுவது வழக்கம். நல்ல வருஷத்திலேயே நாலரை மாதம் ஆறு ஏறக்குறையக் காய்ந்து கிடக்கும். 2012லிருந்து 2019 வரை எட்டு வருஷமும் ஜூன் 12ல் திறக்கவே முடியவில்லை. 2016ல் செப்டம்பர் 20, 2017ல் அக்டோபர் 2. குறுவை போடாமல் டெல்டா தவித்த வருஷங்கள் அவை. நமக்கு வயிறு எரிந்த காலம்தான். ஆனால் மராமத்து பார்க்கிறவர்களுக்கு ஆறு காய்ந்து கிடக்கும் அவ்வளவு நீண்ட காலம் எளிதில் கிடைக்காது. 2018 ஜூலையில் மேட்டூர் நிரம்பியதும் அந்தக் காலம் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு பணத்தை மூட்டையாகக் கொண்டுவந்து கொட்டினாலும் ஓடுகிற தண்ணீருக்கு அடியில் தளத்தைத் தட்டிப் பார்க்க முடியாது.

கணக்கு

விழுந்த இரண்டாம் நாளே அன்றைய முதலமைச்சர் வந்து பார்த்துப் புதிய கதவணை அறிவித்தார். 387 கோடியே 60 லட்சம் ரூபாயில் வேலை நடந்து, 2023ல் திறப்பு விழா ஆனது. இடையில் உடைந்த இடத்தை மணல் மூட்டையும் பாறையும் போட்டு அடைத்தார்கள். நூற்றுக்கணக்கான ஆட்கள் ஓடும் தண்ணீரில் நின்று இரவு பகலாகச் செய்த வேலை அது. அவர்கள் அடைக்க அடைக்கத் தண்ணீர் இழுத்துக்கொண்டு போனது. வெயிலில் காய்ந்த படுகையில் பொறுமையாகச் செய்திருக்கக்கூடிய காரியத்தை உயிரைக் கொடுத்துச் செய்தார்கள். பல வருஷத்துக்குப் பிறகு நிரம்பி வந்த காவிரித் தண்ணீர் கொள்ளிடம் வழியாகக் கடலுக்குப் போனது. கடைமடையில் தண்ணீர் எட்டவில்லை என்ற குரல் அதே நேரத்தில் கேட்டுக்கொண்டிருந்தது.

இதன் பக்கத்தில் இன்னொரு தொகையை வைத்துப் பார்க்கிறேன். 2021ல் டெல்டா மாவட்டங்களில் ஆறு, வாய்க்கால், வடிகால் என்று சுமார் 4,000 கிலோமீட்டர் தூர்வார ஒதுக்கிய தொகை ஏறத்தாழ 65 கோடி. ஓர் இடத்தில் ஒரே ராத்திரியில் விழுந்ததைத் திரும்பக் கட்டிய செலவில், டெல்டாவில் அதே அளவு தூரத்தை ஆறு வருஷம் தூர்வாரலாம். தூர்வாருவதும் அணை மராமத்தும் வேறு வேறு வேலைகள், ஒன்றுக்கு ஒன்று ஈடு என்று நான் சொல்லவில்லை. பழைய அணையை எவ்வளவு பேணினாலும் என்றாவது புதிது கட்டத்தான் வேண்டியிருக்கும் என்பதும் உண்மை. ஆனால் திட்டமிட்டு, ஒரு கோடையில் தொடங்கி, பாசனம் கெடாமல் கட்டுவது ஒன்று. உடைந்த பிறகு பதறி அடைத்து, அப்புறம் கட்டுவது வேறு.

புதிய கட்டடத்துக்கு ஒதுக்கீடு சுலபமாகக் கிடைக்கிறது, மராமத்துக்குக் கிடைப்பதில்லை. புதிது கட்டினால் கல்வெட்டு வைக்கலாம், கிரீஸ் போட்டதற்கு வைக்க முடியாது. நன்றாகப் பேணிய அணையில் எதுவுமே நடக்காது, நடக்காத ஒன்றைக் காட்டி நிதி கேட்க யாராலும் முடிவதில்லை. நம் முன்னோர் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். தண்ணீர் வருமுன் வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வர வேண்டும், ஊரே சேர்ந்து வாய்க்காலை வெட்டும். அந்தக் குடிமராமத்தை வெள்ளைக்காரன் 1858ல் சட்டமாகவே எழுதினான். 2017ல் தமிழக அரசு அதே பெயரில் திட்டம் கொண்டுவந்தது. திட்டத்தை நான் வரவேற்கிறேன். ஆனால் தூர்வாரும் வேலை ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும் தொடங்கி, தண்ணீர் வாசலுக்கு வரும்போதும் பொக்லைன் வாய்க்காலுக்குள் நிற்கிறது என்று விவசாயிகள் வருஷா வருஷம் சொல்லும் குறையில் நியாயம் இருக்கிறது. பிப்ரவரியில் தொடங்கினால் அதே பணம் இரண்டு மடங்கு வேலை செய்யும்.

ஒரு விவசாயி வீடு

அரசாங்கத்தைச் சொல்லிவிட்டு வீட்டைச் சொல்லாமல் விட முடியாது. திருவையாறு பக்கம் என் சித்தப்பா வீட்டில் நடந்தவை இரண்டு. இரண்டும் டெல்டாவில் எந்த ஊரிலும் நடப்பவைதான்.

முதலாவது மோட்டார். போர்வெல்லில் இறக்கிய நீர்மூழ்கி மோட்டார், மும்முனை மின்சாரம். மூன்று பேஸில் ஒன்று போய் மீதி இரண்டில் மோட்டார் ஓடினால், அந்த இரண்டிலும் ஆம்பியர் ஏறி, உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் சூடாகிக் கருகிவிடும். இதைத் தடுக்கச் சிங்கிள் பேஸிங் பிரிவென்டர் என்று ஒரு சின்ன பெட்டி ஸ்டார்ட்டரோடு வைப்பார்கள். பேஸ் ஒன்று குறைந்தால் உடனே மோட்டாரை நிறுத்திவிடும். விலை சில ஆயிரம். சித்தப்பா வீட்டில் அது இருந்தது, ஆனால் அதை விட்டுவிட்டு ஒயரை நேராக மோட்டாருக்குக் கொடுத்திருந்தார்கள். காரணம் கேட்டால், கரண்டு ஆடும்போதெல்லாம் மோட்டாரை நிறுத்திவிடுகிறது, ராத்திரியில் எழுந்துபோய்ப் போட வேண்டியிருக்கிறது என்பார். நிறுத்துவதுதான் அதன் வேலை. குறுவை தொண்டைக்கதிர் பருவத்தில் இருந்தபோது மோட்டார் எரிந்தது.

பைப்பை உருவி மேலே எடுக்கக் கிரேன், வைண்டிங் கட்டக் கடை, மறுபடி இறக்கக் கூலி என்று பத்தாயிரங்களில் போனது. வைண்டிங் கடையில் அந்த வாரம் வரிசை. ஊரில் எல்லோருக்கும் அதே மின்சாரம், அதே வெயில், அதே பருவம். பங்குனி சித்திரையில் போயிருந்தால் கடைக்காரர் சும்மா உட்கார்ந்திருப்பார். கதிர் வெளிவரும் நேரத்தில் தண்ணீர் காட்டாமல் போனால் பதர் விழும், அந்த நஷ்டம் எந்தக் கடையின் பில்லிலும் வராது. பக்கத்து வயல்காரர் தன் மோட்டாரிலிருந்து தண்ணீர் விட்டதால் பாதி தேறியது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. நீர்மூழ்கி மோட்டாரை வருஷா வருஷம் மேலே எடுத்து சர்வீஸ் செய்வது வீண். எடுத்து இறக்கும்போதுதான் கேபிள் உரசி அடிபடும். செலவு செய்ய வேண்டியது மேலே சுவரில் இருக்கும் பெட்டிக்கு. பிரிவென்டர் வேலை செய்கிறதா, ஆம்பியர் கூடினால் நிறுத்தும் ஓவர்லோடு ரிலே மோட்டாரின் ஆம்பியருக்குச் சரியாக வைத்திருக்கிறதா, மின்சாரத்தைச் சேர்த்துப் பிரிக்கும் கான்டாக்டரின் முனை கருகியிருக்கிறதா, எர்த் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியன் ஒருவர் அரைநாளில் பார்த்துவிடலாம்.

இரண்டாவது சித்தப்பாவின் கால். சர்க்கரை பல வருஷமாக இருக்கிறது, மாத்திரை உண்டு, ஆனால் நடவு, களை, அறுப்பு வந்தால் மாத்திரை நிற்கும். அறுவடை இயந்திரம் போன பிறகு வயலில் வெறுங்காலோடு நடந்தபோது நெல் தாள் குத்தியிருக்கிறது. குத்தியதே அவருக்குத் தெரியவில்லை. சித்தி தரையில் ஈரமாக ஒரு தடம் பார்த்து, “என்னங்க இது, காலைக் காட்டுங்க” என்று கேட்ட பிறகுதான் உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தார். அப்போதும், “வலியே இல்லடா, இதுக்கெல்லாம் எதுக்கு ஆஸ்பத்திரி, மஞ்சள் வச்சா ஆறிடும்” என்றுதான் என்னிடம் சொன்னார்.

வலி இல்லாததுதான் ஆபத்து. வருஷக்கணக்கில் சர்க்கரை கூடி இருந்தால் காலின் நரம்புகள் உணர்ச்சி இழக்கும், சின்ன ரத்தக் குழாய்களில் ஓட்டம் குறையும். புண் வந்தது தெரியாது, வந்த புண் ஆறாது. நம் பக்கத்தில் இதோடு சேற்றுப்புண் வேறு. நடவு நாட்களில் கால்விரல் இடுக்கு ஊறி வெடிப்பது எல்லோருக்கும் வருவதுதான். கால் மரத்துப்போன சர்க்கரை நோயாளிக்கு அந்த வெடிப்பு கிருமி நுழையும் வாசல். சித்தப்பாவுக்குக் கிருமி எலும்பு வரை போய், இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. நகையை அடகு வைத்தார்கள். அந்தச் சம்பா சாகுபடியைக் குத்தகைக்கு விட்டார்கள். வரப்பில் நடந்தே பழகிய மனுஷனுக்கு அது எவ்வளவு பெரிய அடி என்று பணத்தில் சொல்ல முடியாது.

இதைத் தடுக்க என்ன தேவைப்பட்டிருக்கும்? தினம் ராத்திரி கால் கழுவி, விரல் இடுக்கைத் துடைத்து, உள்ளங்காலை ஒரு கண்ணாடியில் பார்ப்பது, இல்லை வீட்டில் ஒருவரைப் பார்க்கச் சொல்வது. வயலுக்குச் செருப்பு. மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனையை மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒரு முறை எடுப்பது. வருஷத்துக்கு ஒரு முறை கண்ணின் விழித்திரை, சிறுநீரில் புரதம், பாதத்தின் உணர்ச்சி. பாதப் பரிசோதனைக்கு நைலான் இழை ஒன்று போதும். மருத்துவர் அதை உள்ளங்காலில் சில இடங்களில் வளைகிற அளவு அழுத்தி, “தெரியுதா?” என்று கேட்பார். கண்ணை மூடிக்கொண்டிருக்கும் ஆள் எந்த இடத்தில் பதில் சொல்லவில்லையோ அந்த இடம் மரத்துவிட்டது என்று அர்த்தம். சில நிமிஷ வேலை. கொள்ளிடத்தின் தளத்தைக் கடப்பாரையால் தட்டிப் பார்ப்பதும் இதுவும் ஒரே வகைப் பரிசோதனை என்றே எனக்குப் படுகிறது.

சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். 2021 ஆகஸ்ட் 5ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடி பேர் என்று மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023ல் சொன்னது. ஆக மருந்தும் ஆளும் வாசலுக்கு வந்துவிட்ட நோய் இது. வராதது ஒன்றுதான்: வலிக்காத காலை மருத்துவரிடம் காட்ட ஒதுக்கும் ஒரு காலைப்பொழுது. ஆற்றுக்காவது ஜூன் 12 என்று தேதி இருக்கிறது. உடம்புக்கு யாரும் தேதி குறித்துத் தருவதில்லை. வலிக்காத நாள்தான் அதற்கு ஆறு காய்ந்த காலம் என்று நாமே குறித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

எதற்குச் செலவு, எதற்கு வேண்டாம்

பராமரிப்பு என்று பெயர் வைத்த எல்லாச் செலவும் லாபம் என்று நான் நம்பவில்லை. முதலமைச்சர் வருவதற்கு முன் மதகுக்குப் பெயிண்ட் அடிப்பது பராமரிப்பு ஆகாது. சாலையிலிருந்து பார்வைக்குத் தெரிகிற தூரம் மட்டும் வாய்க்காலைத் தூர்வாருவதும் ஆகாது. நோயே இல்லாத முப்பது வயதுக்காரர் விளம்பரம் பார்த்துப் பல ஆயிரத்துக்கு முழு உடல் பரிசோதனை எடுப்பதைவிட, ஐம்பது தாண்டிய அவருடைய அப்பாவின் ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் ஒழுங்காகப் பார்ப்பது மேல். நான் பார்ப்பது மூன்று விஷயம். கெட்டால் திடீரென்று கெடுமா? கெட்டால் திரும்பப் பெற முடியாததா? முன்கூட்டியே கண்டுபிடிக்க ஆகும் செலவு சொற்பமா? மூன்றுக்கும் ஆமாம் என்றால் யோசிக்கவே வேண்டாம். அணையின் பின்தளம், ஸ்டார்ட்டர் பெட்டி, சர்க்கரைக்காரரின் பாதம் மூன்றும் இந்தக் கணக்கில் தேறுகின்றன.

கையில் பணம் இல்லாதவர்களிடம் இதைச் சொல்வது சுலபமில்லை என்பது தெரியும். அறுப்பு முடிந்து நெல் பணம் வரும்போது கடன்காரர் வாசலில் நிற்பார். அதனால்தான் சொல்கிறேன், சம்பா நெல் பணம் கைக்கு வரும் தை, மாசியிலேயே, வேறு எதிலும் கரைவதற்கு முன், எலக்ட்ரீஷியனுக்கு ஒரு தொகையும் ஆஸ்பத்திரிக்குப் போய்வர ஒரு நாளும் எடுத்து வைத்துவிடுவது நல்லது. நம் நாட்காட்டியில் அதற்கு அடுத்து வருவது காய்ந்த ஆறும் ஓய்ந்த வயலும். செலவழித்த பணம் முழுதாக வேலை செய்யும் மாதங்கள் அவை.

அரசிடம் கேட்க வேண்டியதும் பெரிதாக ஒன்றும் இல்லை. மேட்டூர் மூடிய பிறகு, ஒவ்வொரு கதவணையின் தளத்தையும் தூணையும் யார் எந்தத் தேதியில் பார்த்தார்கள், என்ன கண்டார்கள், எதைச் சரிசெய்தார்கள் என்று ஒரு பக்க அறிக்கையை மார்ச் முடிவதற்குள் அந்தந்த ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டட்டும். மாவட்ட ஆட்சியர் நடத்தும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் நாம் தண்ணீர் எப்போது வரும் என்று கேட்கிறோம். ஏப்ரல் மாதக் கூட்டத்தில் இந்த அறிக்கை எங்கே என்றும் கேட்கலாம்.